கடற்கரைக்கு வந்தால் பொருள் மாறும் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். வேலைக்காக ஈரோட்டுப் பக்கம் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. நண்பர்களை ஊருக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் அவர்கள் காதில் விழும் சில வார்த்தைகள் அவர்களைக் குழப்பிவிடும். வார்த்தை தெரிந்த வார்த்தைதான், ஆனால் பொருள் வேறு. அப்படி அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் மன்னார் வளைகுடாக் கரையின் வழக்கு இது. வேறு கரையைச் சொல்லும் இடத்தில் அந்தக் கரையின் பெயரையும் சொல்லியிருக்கிறேன்.

கடற்கரையில் பேசுவதும் தமிழ்தானே, பிறகு ஏன் பிடிபடவில்லை?

எனக்கும் இதே சிக்கல் எதிர்ப்பக்கம் வந்திருக்கிறது. ஈரோட்டுக்குப் போன புதிதில் கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவர், "ஞாயித்துக்கிழமை எங்க சாளைக்கு வாங்க தம்பி" என்று கூப்பிட்டார். எங்கள் ஊரில் சாளை என்றால் மீன். சென்னையில் மத்தி என்று விற்பார்களே, அதேதான். புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் மறுநாள்தான் அதற்கு முழு ருசி வரும். நானும் காலையில் பசியோடு போய்ச் சேர்ந்தேன். தென்னந்தோப்புக்கு நடுவே ஓட்டு வீடு, வாசலில் இரண்டு எருமை. பருப்பும் நெய்யும் கட்டித்தயிருமாகச் சோறு போட்டார்கள். அருமையான சாப்பாடு. மீனைத்தான் காணோம். திரும்பும்போது மெதுவாகக் கேட்டேன். "சாளைன்னா தோட்டத்து வீடுங்க தம்பி" என்றார்.

அடுத்த வருடம் அவரை எங்கள் ஊருக்கு அழைத்து வந்தேன். கரையிலிருந்து வந்த அம்மா, "இன்னைக்கு சாளை கூடை கூடையா வந்து இறங்கியிருக்கு" என்று சொன்னதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. இரண்டும் தமிழ், இரண்டும் சரி. மண்ணில் பிழைப்பவருக்கு வேண்டிய சொல் ஒன்று, கடலில் பிழைப்பவருக்கு வேண்டிய சொல் இன்னொன்று.

"தொழிலுக்குப் போகலையா?" என்று கேட்கிறார்கள். எந்தத் தொழில்?

மீன்பிடித் தொழில். கடற்கரையில் தொழில் என்றால் அது ஒன்றுதான். கடை வைத்திருப்பவர் வியாபாரம் பார்க்கிறார், வங்கிக்குப் போகிறவர் வேலைக்குப் போகிறார், கடலுக்குப் போகிறவர் மட்டுமே தொழிலுக்குப் போகிறார். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2017-க்கு முன் இது 45 நாளாக இருந்தது. அந்த நாட்களில் விசைப்படகுக்காரர் வீட்டில் போய் விசாரித்தால், "தொழில் இல்ல, சும்மாதான் இருக்கோம்" என்பார்கள். சும்மா இருக்கிறோம் என்று சொல்பவர் கையில் வலை இருக்கும், பொத்தலைப் பொத்திக்கொண்டிருப்பார்.

இதோடு சேர்ந்த இன்னொரு சொல் தங்கல். உறவினர் வீட்டில் தங்குவதைப் பற்றிய பேச்சல்ல. காலையில் போய் மாலையில் திரும்பாமல், பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பதுதான் தங்கல். குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து ஆட்கள் இதில் பேர்போனவர்கள், கரையை விட்டு வாரக்கணக்கில் ஆழ்கடலிலேயே இருப்பார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, எச்சரிக்கை கரைக்கு வருவதற்கு முன்பே தங்கலுக்குப் போனவர்கள் வெகுதூரம் போயிருந்தார்கள், பலர் திரும்பவே இல்லை. தங்கல் என்ற சொல்லை அந்த ஊர்ப் பெண்கள் இன்றும் சாதாரணமாகச் சொல்வதில்லை.

"பாடு எப்படி?" என்றால் கஷ்டத்தையா விசாரிக்கிறார்கள்?

இல்லை. இன்றைக்கு எவ்வளவு மீன் கிடைத்தது என்று கேட்கிறார்கள். "பாடு நல்ல பாடு" என்றால் வலை நிறைய மீன். "பாடே இல்ல" என்றால் டீசல் காசுகூடத் தேறவில்லை. வலையில் படுவதுதான் பாடு, படு என்ற வினையிலிருந்து வந்த பெயர். உள்நாட்டில் அந்தச் சொல் துன்பத்தின் பக்கம் போய்விட்டது, கடற்கரையில் கிடைத்ததின் பக்கம் நின்றுவிட்டது.

ஆனால் பாடு என்ற சொல் மீனோடு முடிவதில்லை. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் பாடு என்றால் முறை. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சில. அந்த இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்பதைப் பாரம்பரியமாகத் தொழில் செய்யும் ஊர்க்காரர்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவருக்கே எப்போதும் நல்ல இடம் அமைந்துவிடாமல் இருக்க ஊரே செய்துகொண்ட ஏற்பாடு இது. இன்னொரு அர்த்தம் பாக் நீரிணையின் மறுகரையில் இருக்கிறது. இலங்கையில் கரைவலை இழுப்பதற்கென்று ஒதுக்கிய இடத்துக்குப் பாடு என்று பெயர். மன்னார்த் தீவில் தாழ்வுபாடு என்று ஓர் ஊரே உண்டு. மீன், முறை, இடம் என்று மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன.

"மடி கிழிஞ்சு போச்சு" என்று மாமா புலம்பினார். எதைச் சொல்கிறார்?

வலையின் பை போன்ற பகுதியைச் சொல்கிறார். குழந்தையைப் படுக்கவைப்பதும் மடி, புடவையில் காசு முடிந்துவைப்பதும் மடி. மீன் வந்து தங்கும் பை மட்டும் வேறு எதுவாக இருக்க முடியும்?

கரைமடி இழுப்பதை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். வலையைப் படகில் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். முதலில் வெறும் கயிறுதான் வரும். குதிகாலை மணலில் ஊன்றி, பின்பக்கமாகவே நடந்து, பாட்டுக்கு ஏற்றபடி இழுக்க வேண்டும். அப்புறம் வலையின் இரண்டு கைகளும் வரும், கண்ணியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மீன் மாட்டியிருக்கும். யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள், எல்லார் கண்ணும் தண்ணீரில். கடைசியில் மடி கரைக்கு நெருங்கும்போது அந்த இடத்துத் தண்ணீர் மட்டும் உலையில் வைத்ததுபோல் கொதிக்கும். வெள்ளை வெளேரென்று நெத்திலி துள்ளும். மடி எடை தாங்காமல் கிழிந்தால் அத்தனை பேரின் அரைநாள் உழைப்பும் ஒரு நொடியில் கடலுக்குத் திரும்பிவிடும். மாமா புலம்பியது அதற்குத்தான்.

செய்தித்தாளில் வரும் சுருக்குமடி, இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி என்ற சொற்களும் இங்கிருந்து வந்தவையே. பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொண்டால் சுருக்குமடி புரிந்துவிடும். மீன் கூட்டத்தைச் சுற்றி வலையை விட்டு, அடிக்கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கிவிடும், உள்ளே இருப்பது பெரிதானாலும் பொடியானாலும் தப்பாது. தமிழ்நாட்டில் 2000-இல் இதற்குத் தடை வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவில், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும் பயன்படுத்தலாம் என்று நிபந்தனைகளோடு அனுமதித்தது. வள்ளம் என்று நாங்கள் சொல்லும் சின்னப் படகில் போய்ச் சின்ன வலை போடுகிறவர்களின் பக்கம்தான் நான். குஞ்சு மீனையும் சேர்த்து அள்ளிவிட்டால் அடுத்த பருவத்துக்குக் கடலில் என்ன இருக்கும்?

காற்றுக்கு இத்தனை பெயர் எதற்கு? தென்றல், வாடை போதாதா?

நாம் தென்றல் என்றால் மெல்லிய காற்று என்றும், வாடை என்றால் குளிர் காற்று என்றும் எடுத்துக்கொள்கிறோம். பேச்சில் வாடை என்றால் கெட்ட வாசனைகூட. கடலில் இவை திசைகள். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், அது பலமாக அடித்தாலும் தென்றல்தான். வடக்கிலிருந்து வந்தால் வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். புத்தகத்தில் கொண்டல் என்றால் மேகம் என்று படித்திருப்பீர்கள், கிழக்குக் காற்று மேகத்தோடு வருவதை நினைத்தால் இரண்டும் பொருந்திப்போகும். பழைய இலக்கியத்தில் மேற்குக் காற்றின் பெயர் கோடை. இன்று கோடை என்றால் வெயில் காலம், கொடைக்கானல் பயணம். எங்கள் கரையில் மேற்குக் காற்றைக் கச்சான் என்போம்.

கச்சான் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் மலைத்தொடர் இடைவெளி விடும் ஆரல்வாய்மொழி வழியாக மேற்குக் காற்று பாய்ந்து வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் அந்தக் காற்று. அதே காற்று நிலத்தின் புழுதியை வாரிக்கொண்டு கிழக்கே எங்கள் கரை வழியாகக் கடலுக்குள் இறங்கும். பாய்மர வள்ளம் ஓட்டிய காலத்தில் கச்சான் காற்றில் கடலுக்குள் போவது சுலபம், திரும்பி வருவதுதான் பெரும்பாடு. காற்றே படகைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும். தாத்தா விடியற்காலையில் வாசலுக்கு வந்து, முகத்தை ஒருமுறை வடக்கேயும் ஒருமுறை மேற்கேயும் திருப்பிக் கன்னத்தில் காற்றை வாங்கிப் பார்ப்பார். "கச்சான் எடுத்துருச்சு" என்றால் அன்று மரம் இறங்காது.

மரமா என்று கேட்காதீர்கள். கட்டுமரத்தைத்தான் மரம் என்று சுருக்கிச் சொல்வது.

கடலில் "பார்" என்கிறார்களே?

பார்க்கச் சொல்லவில்லை. உலகம் என்ற பொருளும் இல்லை. கடலடியில் இருக்கும் பாறைத்திட்டுக்குப் பார் என்று பெயர். முத்துச்சிப்பி ஒட்டி வளர்வது பாரில், கலவா மாதிரியான மீன் ஒதுங்குவதும் பாரில். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள பார்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு, தொள்ளாயிரம் பார் என்று ஒன்று முத்துக்குப் பேர்பெற்றது. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை, ஆனாலும் பாரின் பெயர்கள் அப்படியே புழக்கத்தில் இருக்கின்றன. மேலே வெறும் தண்ணீராகத் தெரியும் இடத்தைக் காட்டி, "இது பாரு" என்று ஒரு பையன் சொன்னால், அவன் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிலப்பரப்பின் பெயரைச் சொல்கிறான்.

மீன் பெயர்களில் ஏமாந்துபோகக்கூடியவை எவை?

நிறைய. கணவாய் என்றால் பள்ளிப் புத்தகத்தில் பாலக்காட்டுக் கணவாய், மீன் சந்தையில் மை கக்கும் உயிர். ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய் என்று இரண்டு வகை முக்கியம், எட்டுக் கைகள் உள்ளது பேய்க்கணவாய். சென்னையில் கடம்பா என்று கேட்டு வாங்க வேண்டும். வவ்வால் என்றால் தட்டையான, சதைப்பிடிப்பான மீன், விருந்தாளிக்கு வாங்குவது. பயப்படாமல் சாப்பிடலாம். ஊழி என்றால் உலகம் அழியும் காலமல்ல, நீண்ட வாயும் கூர்ப்பல்லும் உள்ள மீன். பாரை என்றால் கடப்பாரை இல்லை. விளைமீன் வயலில் விளையாது. மாசி என்று கடைக்காரர் சொன்னால் மாதத்தைச் சொல்லவில்லை, மரக்கட்டைபோல் காய்ந்த சூரைமீனைச் சொல்கிறார். அது மாலத்தீவிலிருந்து வந்த சரக்கு. மாலத்தீவு மொழியில் மீனுக்கு மஸ் என்று பெயர், நம் வாயில் அது மாசியாகிவிட்டது. தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குத் தோணிகள் போகின்றன. தோணி என்றால் ஆற்றைக் கடக்கும் சின்ன ஓடம் என்று நினைத்துத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்தால் திகைத்துப்போவீர்கள், நூற்றுக்கணக்கான டன் ஏற்றும் மரக்கப்பல் அது.

கடற்கரை முழுக்க ஒரே பெயர்தானா?

அதுவும் கிடையாது. இதில்தான் மீன் வாங்குபவர்கள் பணத்தை விடுகிறார்கள். சென்னையில் வஞ்சிரம் என்பது குமரியில் நெய்மீன், எங்கள் பக்கமும் ராமநாதபுரத்திலும் சீலா. சென்னையில் போய்ச் சீலா என்று கேட்டால் ஊழி மீனை எடுத்துக் கொடுப்பார்கள். இலங்கையிலும் சீலா என்றால் ஊழிதான், வஞ்சிரத்துக்கு அங்கே அறுக்குளா என்று பெயர். பெயரை விட்டுவிட்டு மீனைக் காட்டிக் கேளுங்கள், செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருந்தால் வாங்குங்கள்.

"நீங்க எந்தப் பங்கு?" என்று ஒரு பாட்டி கேட்டார். என்ன சொல்வது?

தூத்துக்குடி, குமரிக் கரைகளில் கத்தோலிக்க ஊர்கள் நிறைய. பங்கு என்றால் ஒரு கோயிலுக்கு உட்பட்ட சபை வட்டாரம், அதன் பொறுப்பாளர் பங்குத்தந்தை. பாட்டி கேட்டது, நீங்கள் எந்த ஊர், யார் மக்கள் என்பதை ஒரே கேள்வியில். அதே பாட்டி மாலையில், "பங்கு வந்துருச்சா?" என்று மகனிடம் கேட்டால் அது காசு. பிடித்த மீனை விற்று, செலவைக் கழித்து, படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். கடலுக்குப் போகும் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். பாடு இல்லாத நாளில் பங்கும் இல்லை.

இலங்கைத் தமிழர்களுக்கு இதெல்லாம் புரியுமா?

பல சொற்கள் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகப் புரியும். வாடி என்றால் பூ வாடியது என்றோ, பெண்ணைக் கூப்பிடுவது என்றோ நாம் நினைப்போம். இராமேசுவரம் பக்கமும் வடஇலங்கையிலும் வாடி என்றால் கரையில் ஓலை வேய்ந்து போடும் குடில், மீன் காயவைக்கவும் வலை வைக்கவும் தங்கவும் உதவும். நம் ஊர் மரவாடியும் அதே சொல்தான். ஆனால் கச்சானில் மட்டும் கவனம். இலங்கையில் கச்சான் காற்றும் உண்டு, தள்ளுவண்டியில் சுடச்சுட விற்கும் கச்சானும் உண்டு. இரண்டாவது, நம் வேர்க்கடலை.

இவையெல்லாம் பிழையான தமிழ் என்று சொல்கிறார்களே?

எனக்கு இதில் பழைய வருத்தம் ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்பில் கட்டுரை எழுதும்போது, "அப்பா வள்ளத்தில் போனார்" என்று எழுதினேன். ஆசிரியர் வள்ளத்தைச் சிவப்பு மையில் அடித்து, படகு என்று எழுதினார். உள்நாட்டிலிருந்து வந்தவர், அவருக்கு வள்ளம் என்றால் தானியம் அளக்கும் படி. அவர் அளவில் அவர் சொன்னது நியாயம். ஆனால் எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் அப்பாவுக்கு வள்ளம்தான் இருந்தது. வீட்டில் பேசும் சொல்லைத் தாளில் எழுதக்கூடாது என்று அன்றைக்கு முடிவுசெய்தவன், திரும்ப எழுதப் பல வருடமானது.

திமில் என்ற சொல்லைப் பாருங்கள். இன்று அது சல்லிக்கட்டுக் காளையின் முதுகில் இருப்பது. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் திமில் என்றால் பரதவர் மீன்பிடிக்கப் போகும் படகு. வானத்து நட்சத்திரத்துக்கும் கடலில் நீந்துவதற்கும் மீன் என்று ஒரே பெயர் வைத்த மொழி இது. இரவில் திசை பார்க்கும் எங்கள் ஆட்கள் நட்சத்திரத்தை வெள்ளி என்பார்கள், யாழ்ப்பாணத்திலும் அப்படியே. உலோகமும் கிழமையும் அதற்கப்புறம்தான்.

புயல் செய்தியில் வரும் கூண்டு என்ன கூண்டு?

துறைமுகக் கம்பத்தில் பகலில் ஏற்றும் கூம்பு, உருளை வடிவ அடையாளங்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1 முதல் 11 வரை எண் உண்டு. 1 என்றால் தூரத்தில் ஏதோ உருவாகிறது என்று பொருள், 10 என்றால் பெரும் ஆபத்து, 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. "கூண்டு ஏத்திட்டாங்களா?" என்று யாராவது கேட்டால், கடலுக்குப் போன ஒருவரை நினைத்துக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலா வருபவர் ஒரே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளலாம் என்றால் எது?

கள்ளக்கடல். குமரிக் கரையிலும் கேரளத்திலும் வழங்கும் சொல். வெகுதூரத்தில், தென் இந்தியப் பெருங்கடலில் எழும் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேரும். உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கடல் மட்டும் திருடன்போல் திடீரென்று கரையேறி இழுத்துக்கொண்டு போகும். அரசு வானிலை அறிவிப்புகளில் இப்போது இதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தபோது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில்தான் இருந்தது.

அதனால் கடல் அமைதியாகத் தெரிகிறதே என்று இறங்கிவிடாதீர்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம், "ஐயா, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேளுங்கள். "கள்ளக்கடல் வருது, ஏறிப் போங்க" என்றால், செருப்பை எடுத்துக்கொண்டு அப்போதே மேலே ஏறிவிடுங்கள்.